மக்சிக் ரொகாயாவின் நீல வாளி

புக்கிட் கூபிஸ் வட்டாரத்தில் சட்டம் ஒழுங்கு பல்லாண்டு காலம் சீராக இருந்ததற்கு முழுமுதற் காரணம் மக்சிக் ரொகாயா விற்கும் நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறுதான் என்பதை இங்கே பணிவுடன் பதிவு செய்துகொள்கிறேன். அமலாக்க அலுவலகம் வெளியிட்ட ஆண்டு மலரில் இந்தத் தகவல் எப்படியோ விடுபட்டுவிட்டது.

எங்கள் மலை முழுக்க முட்டைக்கோஸ்தான். அதை நடுவது, களை எடுப்பது, வெட்டுவது, லாரியில் ஏற்றுவது எல்லாம் லொம்போக் தீவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்த ஆட்கள். கை கால் எல்லாம் நன்றாக இருக்கும், பேப்பர் மட்டும் இருக்காது. அவர்களைப் பிடிப்பது அலுவலகத்தின் கடமை. அவர்கள் இல்லாமல் கோஸ் வெட்ட முடியாது என்பது எங்கள் நிலைமை. கடமைக்கும் நிலைமைக்கும் ஒரு நாளும் சண்டை வராமல் நாங்கள் பார்த்துக்கொண்டோம்.

சோதனைக்குப் போகிற அதிகாரிகள் வெறும் வயிற்றோடு மலை ஏற முடியாது அல்லவா. ஆகவே அப்போதைய தலைமை அதிகாரி துவான் ஹாஜி மொக்தார், முதல் நாள் மாலையே மக்சிக் கடைக்கு ஆள் அனுப்பி, விடியற்காலைக்கு நாசி லெமாக் பொட்டலங்கள் பெரிய அளவில் சொல்லிவிடுவார். வாழை இலையில் கட்டியது, சம்பல் தூக்கலாக. மக்சிக் ஊருக்கே அத்தை முறை. ஆனாலும் அரசாங்க ரகசியத்தை வாய்விட்டுச் சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆர்டரை வாங்கிக்கொண்டு, பாத்திரம் கழுவுகிற நீல வாளியைக் கடை வாசலில் கவிழ்த்து வைப்பார். அதோடு அவர் வேலை முடிந்தது. வாளி கவிழ்ந்திருப்பதைப் பார்த்த ஆட்கள் பொழுது சாய்வதற்குள் மலைக்கு மேலே, காட்டுக்குள் இருக்கும் தகரக் குடிசைக்குப் போய்விடுவார்கள்.

அதற்காக அதிகாரிகளை வெறுங்கையோடு அனுப்புவது மரியாதை இல்லை. வீட்டுக்கு வந்தவருக்கு ஒரு வாய் தேத்தண்ணிகூடக் கொடுக்காத மாதிரி ஆகிவிடும். எங்கள் விவசாயிகள் சங்கத் தலைவர், சாப்பாட்டுக் கடை முதலாளி தவுக்கே ஹுவாட் இதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். ஒரு கட்டுப் பயத்தங்காயை முஷ்டியில் பிடித்துக்கொண்டு ஆட்களை வரிசையில் வரச் சொல்வார். குட்டைக் காயை உருவியவர்கள் மலைக்குப் போகக்கூடாது. தோட்டத்தில் நின்று பிடிபட வேண்டும். பத்திரிகையில் படம் வரும், கொஞ்ச நாள் முகாமில் இருப்பார்கள், கப்பலில் ஏற்றி அனுப்பப்படுவார்கள், பிறகு ஏதோ ஒரு படகு பிடித்துத் திரும்பி வருவார்கள். இந்த ஏற்பாட்டினால் துவான் ஹாஜி மொக்தாருக்கு மாநில அளவில் விருதும் கிடைத்தது.

போன வருஷம் என் தோட்டத்து மஹ்சுன் குட்டைக் காயை உருவினான். லொம்போக்காரன், நிதானமான ஆள், என்னிடம் வெகு காலமாக இருப்பவன். ஊரில் அவனுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. அந்த வாரம் குழந்தைக்கு முடி எடுக்கும் சடங்கு, போனில் பார்க்கலாம் என்று இருந்தான். காயைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தான்.

நான் அவன் தோளில் தட்டி, "கொஞ்ச நாள்தானே மஹ்சுன். ஓய்வுன்னு நெனச்சுக்கோ. சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம். பொழுது போறதே தெரியாது," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டுப் போனான். ஒருவனுக்கு நாலு வார்த்தை ஆறுதல் சொன்ன நிறைவில் அன்று நான் நன்றாகத் தூங்கினேன்.

இப்படி எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஊரில் நாட்டுப்பற்று வந்தது. கீழே பட்டணத்தில் வந்தால் எங்கள் மலைக்கு வராமல் இருக்குமா? காரின் பின்கண்ணாடியில் கொடி ஒட்டுவது, சட்டையில் அச்சடித்துக்கொள்வது என்று ஆரம்பித்து, கடைசியில் 'புக்கிட் கூபிஸ் நமக்கே' என்று ஒரு மனு தயாரானது. வெளி ஆட்கள் அனைவரையும் உடனே அப்புறப்படுத்துமாறு கனம் பொருந்திய அரசாங்கத்தை அதில் கேட்டுக்கொண்டோம். தவுக்கே ஹுவாட்டின் சாப்பாட்டுக் கடையில் கையெழுத்து விழா நடந்தது. முதலாளிமார் எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். நான் போட்டது பக்கத்துத் தோட்டத்து பர்மாக்காரர்களுக்காக, ராத்திரியில் சத்தமாகப் பாட்டு வைக்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரர் போட்டது என் ஆட்களுக்காக. தவுக்கே போட்டது தன் கடை தவிர மற்ற கடைகளில் இருப்பவர்களுக்காக. மனுவில் இந்த விவரமெல்லாம் எழுத இடம் இல்லை.

விழாவுக்குப் பெரிய பதாகை ஒன்று கட்டினோம். ஏணியில் ஏறிக் கட்டுவதற்கு எங்களில் யாருக்கும் இடுப்பு ஒத்துழைக்கவில்லை, படகு பிடித்துத் திரும்பி வந்திருந்த மஹ்சுன்தான் கட்டினான். கோணலாக இருக்கிறது என்று தவுக்கே கீழேயிருந்து சத்தம் போட, இறங்கி வந்து பார்த்துவிட்டு மறுபடி ஏறிச் சரியாகக் கட்டினான்.

அந்தச் சமயத்தில் துவான் ஹாஜி மொக்தார் ஓய்வு பெற்றார். புதிதாக வந்தவர் துவான் ஃபைருஸ். ஒல்லி, சுறுசுறுப்பு, கையில் எத்தனை அடி நடந்தோம் என்று சொல்கிற கடிகாரம். அவர் அலுவலகத்துக்கும் புது மோஸ்தர் ஒன்றைக் கொண்டுவந்தார். தேங்காய்ப்பால் சேர்ந்த எதையும் ஊழியர்கள் தொடக்கூடாது, காலையில் ஓட்ஸ் கஞ்சி மட்டும், அதுவும் கடிகாரம் அனுமதித்த பிறகு. மனு மேல்மட்டத்துக்குப் போய், உத்தரவாகித் திரும்பி வந்தபோது, துவான் ஃபைருஸ் தம் ஆட்களுக்கு ஆளுக்கொரு போத்தல் ஓட்ஸ் கொடுத்து விடியற்காலையில் புறப்பட்டுவிட்டார்.

நாசி லெமாக் ஆர்டர் இல்லை. வாளி நிமிர்ந்தே இருந்தது. யாரும் மலை ஏறவில்லை, யாரும் காய் உருவவில்லை. என் தோட்டத்தில் மஹ்சுன் கையில் கோஸ் வெட்டும் கத்தியோடு குனிந்திருந்தபடியே பிடிபட்டான். துவான் ஃபைருஸ் இந்த வெற்றிக்குக் காரணம் தம் நுண்ணறிவு என்று நினைத்தார். அவர் உணவுக்கட்டுப்பாடுதான் காரணம் என்பது மக்சிக் ரொகாயாவுக்கு மட்டும் தெரியும்.

துவான் ஃபைருஸ் என் கையைக் குலுக்கினார். இங்கே அண்ணே என்பது எல்லார் வாயிலும் ஆனேதான். "ஆனே, உங்க மனுவை ஒரு வரி விடாம நிறைவேத்திட்டோம். திருப்திதானே?"

"ரொம்பத் திருப்தி, துவான்," என்றேன். வேறு என்னத்தைச் சொல்வது?

என் மகள் தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து வருகிறார்கள், மண்டபம் பேசியாகிவிட்டது. எல்லாம் அந்தப் போகத்துக் கோஸை நம்பித்தான். கோஸுக்கு நாட்டுப்பற்றெல்லாம் தெரியாது, முற்றினால் வெடித்துவிடும்.

முதலில் யாரும் பயப்படவில்லை. இனி உள்ளூர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கும் என்று தவுக்கே ஹுவாட் அறிக்கை விட்டார். நேர்காணலுக்கு உள்ளூர்ப் பையன்கள் சிலர் வந்தார்கள். தோட்டத்தில் வைஃபை உண்டா என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் நல்ல பையன், கேள்வி எதுவும் கேட்காமல் குனிந்தான், பத்து மணிக்கு நிமிர முடியவில்லை. அவனைத் தூக்கிப்போக வந்த அவன் அம்மா என்னைத் திட்டிவிட்டுப் போனார். மாவட்ட அலுவலகம் இதற்கு உடனடியாகத் தக்க நடவடிக்கை எடுத்தது. ஊக்கமூட்டும் தன்முனைப்புப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்து, கோஸை நேசிப்பது எப்படி என்று மண்டபத்தில் சொற்பொழிவு வைத்தது. எல்லாரும் கண்ணை மூடி, தான் ஒரு கோஸ் என்று பாவனை செய்தோம்.

அதற்குள் கோஸ் வெடிக்க ஆரம்பித்துவிட்டது. ஏற்றுவதற்குச் சரக்கு இல்லாததால் லாரிக்காரர்களுக்கு வேலை போனது. லாரி ஓட்டியவர்கள் சுத்தமான உள்ளூர்க்காரர்கள், அடையாள அட்டையோடு வீட்டில் உட்கார்ந்தார்கள். உரக்கடையில் கணக்கு எழுதிய பெண்ணை நிறுத்திவிட்டார்கள். தவுக்கே கடையில் மங்கு கழுவ ஆளில்லாமல் காகிதத் தட்டில் மீன் பரிமாறினார்கள், சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். வேலைக்குப் போகிறவர்கள் இல்லாததால் மக்சிக்கின் பொட்டலங்கள் மாலைவரை அப்படியே கிடந்தன. வெளி ஆள் போனால் அவன் வேலை நமக்கு வரும் என்றுதான் மனுவில் எழுதியிருந்தோம். நம் வேலையும் அவன் பின்னாலேயே போகும் என்பது மனு எழுதியவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் சந்தையில் கோஸ் தட்டுப்பாடு வந்து, தாய்லாந்திலிருந்து கோஸ் எங்கள் மலைக்கு ஏறி வந்தது. அதை அங்கே வெட்டியவர்கள் பர்மாக்காரர்கள் என்று லாரிக்காரன் சொன்னான்.

நிலைமை கைமீறிப் போவதைக் கண்ட மாவட்ட அலுவலகம் கோத்தோங் ரோயோங் அறிவித்தது. கல்யாண வீட்டுச் சமையலுக்கும் மசூதி துப்புரவுக்கும் ஊர் கூடி இலவசமாக இறங்குவோமே, அதே மாதிரி அதிகாரிகள் எல்லாரும் கூடிக் கோஸ் வெட்டுவதாக ஏற்பாடு. என் தோட்டத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். கூடாரம் வந்தது, நாற்காலி வந்தது, ஒரே நிறத்தில் சட்டை வந்தது, அடித்துத் தொடங்கி வைக்கப் பெரிய கொங் மணி வந்தது. அதையெல்லாம் போடுவதற்காக நாலு வரிசை கோஸை மிதித்துவிட்டார்கள். துணை இயக்குநர் ஒரு கோஸைப் பச்சைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்து, படம் எடுப்பவருக்கு வெளிச்சம் சரியாகும்வரை நின்றார். மற்றவர்கள் வேரோடு பிடுங்கினார்கள்.

உண்மையாக வேலை செய்தவர் துவான் ஃபைருஸ் ஒருவர்தான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓட்ஸைக் குடித்துவிட்டு இரண்டு வரிசையை ஒழுங்காக வெட்டினார். மூன்றாவது வரிசையில் மயங்கி விழுந்தார். கடிகாரம் கீச் கீச்சென்று கத்தியது. மக்சிக் ரொகாயா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, விற்காமல் கிடந்த பொட்டலம் ஒன்றைப் பிரித்து, சம்பலோடு ஒரு கை உருட்டி அவர் வாயில் வைத்தார். துவான் கண் திறந்தார். மென்றார். இன்னொரு பொட்டலம் இருக்கிறதா என்று கேட்டார். அமலாக்க அலுவலகத்தில் ஓட்ஸ் யுகம் அன்றோடு முடிந்தது.

நல்ல சாப்பாடு உள்ளே போனதும் மனுஷன் யோசிக்க ஆரம்பித்துவிட்டார். மறுநாளே எங்களைக் கூட்டத்துக்கு அழைத்தார். பிடித்த ஆட்கள் எல்லாரும் இன்னும் முகாமில்தான் இருந்தார்கள். கப்பலேற்றுவதற்கு முன் மருத்துவச் சோதனை செய்ய வேண்டும், மருத்துவமனையைக் கூட்டித் துடைக்கிறவர்களும் அவர்களோடு பிடிபட்டிருந்ததால் மருத்துவமனை பூட்டிக் கிடந்தது.

"அவங்களுக்கெல்லாம் அனுமதி அட்டை குடுத்துத் திருப்பி அனுப்பலாம்னு இருக்கேன்," என்றார் துவான் ஃபைருஸ். நாங்கள் கைதட்டினோம். தவுக்கே எழுந்து நின்றே தட்டினார்.

"ஆனா சட்டம்னு ஒண்ணு இருக்கு, யாரையாவது பிடிச்சுத்தான் ஆகணும். ஓடுறவனைத் துரத்துறதைவிட உட்கார்ந்திருக்கிறவனைப் பிடிக்கிறது சுலபம். இனிமே முதலாளிமாரைச் சோதிக்கப் போறோம். ஆளுக்குக் காப்புறுதி கட்டியிருக்கா, தங்க இடம் குடுத்திருக்கா, கடைக்கு உரிமம் இருக்கா, நிலத்துக்குப் பேப்பர் இருக்கா, எல்லாம்."

தவுக்கே தட்டிய கை அப்படியே நின்றது.

"துவான், நாங்க என்னா தப்பு பண்ணோம்? வேலைதானே குடுத்தோம்?"

"அவங்க என்னா தப்பு பண்ணாங்க தவுக்கே? வேலைதானே செஞ்சாங்க?"

பிறகு தவுக்கே ஹுவாட் தழுதழுத்த குரலில், சட்டம் என்றால் அதில் கொஞ்சமாவது மனிதாபிமானம் இருக்க வேண்டும் என்றார். குடும்பத்தைப் பிரிப்பது பாவம் என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் அன்றுதான் முதல் தடவை கேட்டேன். நானும் பலமாகத் தலையாட்டினேன்.

துவான் என் பக்கம் திரும்பினார். "ஆனே, உங்க நிலத்துக்குப் பேப்பர்?"

என் நிலத்துக்கு அனுமதி கேட்டு என் அப்பா போட்ட விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், விண்ணப்பம் இன்னும் சேரவில்லை. நான் சிரித்தேன். துவானும் சிரித்தார்.

ஆட்கள் திரும்பி வந்தார்கள். மஹ்சுன் கழுத்தில் பளபளவென்று அட்டை தொங்கியது. என் தோட்டத்தில் பேப்பர் உள்ள ஒரே ஆள் இப்போது அவன்தான். வந்த கையோடு கத்தியை எடுத்துக்கொண்டு வரிசையில் இறங்கினான். வெடித்தது போக மிச்சம் நிறையவே இருந்தது, நிச்சயதார்த்தத்துக்குக் காணும் என்று கணக்குப் போட்டேன். அவனைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போல இருந்தது. ஆனால் அவன் வேலையாக இருந்தான்.

அறுவடை பாதியில் இருக்கும்போது, நிச்சயதார்த்த வாரத்தில், ஒரு மாலை கடைத்தெரு வழியாக வந்தேன். மக்சிக் கடை வாசலில் நீல வாளி கவிழ்ந்து கிடந்தது.

ஆட்கள் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். நாங்கள்தான் ஓடினோம். மஹ்சுன் பாதி வழிவரை வந்து வழி காட்டினான். காட்டில் அட்டைப்பூச்சி கடித்தால் பிடுங்கக்கூடாது, உப்பு வைக்க வேண்டும் என்று சொல்லி ஒரு பொட்டலம் உப்பும் கொடுத்தான். தகரக் குடிசையில் சங்கமே கூடியிருந்தது. உரக்கடைக்காரர், பக்கத்துத் தோட்டக்காரர், லாரிக் கம்பெனிக்காரர், கடையின் தீ அவசர வாசலைப் பூட்டி வைத்திருந்த தவுக்கே ஹுவாட். ஈரம், கொசு, கால் நீட்ட இடமில்லை. இதில் எப்படித்தான் அவர்கள் இருந்தார்களோ என்று யாரோ சொன்னார்கள். அவர்கள் ஒல்லி என்று தவுக்கே பதில் சொன்னார்.

பிறகு இடுப்பிலிருந்து பயத்தங்காய்க் கட்டை எடுத்தார்.

"அதிகாரியை வெறுங்கையோட அனுப்பக்கூடாது," என்றார். "ஒரு ஆள் போதும். ஆனே, நீங்க மொதல்ல எடுங்க."

எடுத்தேன். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை.

"தவுக்கே, என் மகளுக்கு நிச்சயதார்த்தம்யா. ஈப்போவுலேருந்து வர்றாங்க."

"தெரியும் ஆனே. நாங்கள்லாம் போய் நல்லபடியா நடத்தி வைக்கிறோம்."

விடிகிற நேரத்தில் இறங்கி வந்து என் தோட்டத்து நடுவில் நின்றேன். மஹ்சுனும் ஆட்களும் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் நிமிர்ந்து, என் கையிலிருந்த காயைப் பார்த்தான். முகாமில் குளிரும் என்று சொல்லித் தன் காலுறையைக் கழற்றிக் கொடுத்தான். படம் எடுக்கும்போது தலையைக் குனிந்துகொள்ளுங்கள், அவர்களுக்கு அப்படித்தான் பிடிக்கும் என்றான். அதிகாரிகள் வாயில் நாசி லெமாக் வாசத்தோடு வந்தார்கள். துவான் ஃபைருஸ் மறுபடி என் கையைக் குலுக்கி, ஒத்துழைப்புக்கு நன்றி சொன்னார்.

வண்டியில் ஏறுமுன் மஹ்சுனைக் கூப்பிட்டேன். தர்ஷினி, மண்டபம், மாப்பிள்ளை வீடு என்று என்னென்னவோ சொல்ல வாயெடுத்தேன். அவன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்து என் தோளில் மெதுவாகத் தட்டினான்.

"கொஞ்ச நாள்தானே முதலாளி. ஓய்வுன்னு நெனச்சுக்குங்க. சும்மா உட்கார்ந்து சாப்பிடலாம். பொழுது போறதே தெரியாது."

கிண்டலாகச் சொல்லவில்லை. ஒருவனுக்கு ஆறுதல் சொல்வது இப்படித்தான் என்று என்னிடம் கற்றுக்கொண்டிருக்கிறான்.

பத்திரிகையில் படம் நன்றாக வந்திருந்தது. எனக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் கோஸ் சுத்தமாக வெட்டப்பட்டிருப்பது தெரிகிறது. புக்கிட் கூபிஸில் பேப்பர் இல்லாதவர் எவரும் இனி இல்லை என்று கீழே செய்தி. நிச்சயதார்த்தமும் குறையில்லாமல் நடந்ததாம். தட்டு மாற்றும்போது பெண் வீட்டுப் பக்கம் மஹ்சுன்தான் நின்றானாம். இவர் யார் என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டதற்கு, எங்கள் தோட்டத்தில் பேப்பர் உள்ளவர் இவர்தான் என்று தர்ஷினி சொன்னாளாம். அவர்களுக்கு ரொம்பத் திருப்தி.

நான் முகாமில் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறேன். பொழுது போவது நன்றாகவே தெரிகிறது.